எம்டன் கப்பலின் தலைவர்

வாலுத்தனம் செய்யும் பிள்ளையை, "இது சரியான எம்டன்" என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். எம்டன் ஆள் அல்ல. ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பல். அதன் தலைவரைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அவர் பெயர் கார்ல் ஃபான் முல்லர். 'ஃபான்' என்பது பிரபுக் குடும்பங்களின் அடையாளம். 1873-ஆம் ஆண்டு ஹானோவர் நகரில் பிறந்தார். தந்தை பிரஷ்யத் தரைப்படையில் கர்னல். மகனோ கடலை விரும்பி, 1891-இல் கடற்படையில் சேர்ந்தார். கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றியபோது பிடித்த மலேரியா கடைசி வரை அவரை விடவில்லை.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி. சென்னைத் துறைமுகத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. எம்டன் அரை மணி நேரத்தில் ஏறத்தாழ 130 குண்டுகளை வீசியது. எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன, சிலர் மாண்டனர். பல்லாயிரம் பேர் ரயிலிலும் மாட்டு வண்டியிலும் நகரை விட்டு ஓடினார்கள். (நம் அம்பத்தூர், ஆவடி வழியாக 1856 முதலே ரயில் ஓடிக்கொண்டிருந்தது!)

நம் ஊர் மீது குண்டு வீசியவரைப் புகழலாமா? நியாயமான கேள்விதான். துறைமுகத்தில் இறந்தவர்கள் போர்வீரர்கள் அல்லர். ஆனாலும் தாம் பிடித்த வணிகக் கப்பல்களில் இருந்தோரைப் பத்திரமாக இறக்கிவிட்ட பின்னரே கப்பலை மூழ்கடிப்பது அவர் வழக்கம். பினாங்கு அருகே ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பலை மூழ்கடித்தவர், நீரில் தத்தளித்த அதன் மாலுமிகளைத் தாமே காப்பாற்றினார். எதிரி நாட்டுப் பத்திரிகைகளே அவரைப் பாராட்டின.

நவம்பர் 9-ஆம் நாள் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி' எம்டனை அழித்தது. எம்டனில் 130-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். முல்லர் மால்டாவிலும் பின்பு இங்கிலாந்திலும் கைதியாக இருந்தார். 1917-இல் ஏறத்தாழ இருபது பேரோடு முகாமிலிருந்து தப்பி, மீண்டும் அகப்பட்டார்.

போர் முடிந்தபின், 1920-இல், யூட்டா ஃபான் ஹான்ஸ்டைன் என்ற மங்கையை மணந்தார். இரு பெண் குழந்தைகள் பிறந்தனர். எம்டனின் கதையை எழுதும்படி பலர் வேண்டியும் அவர் மறுத்துவிட்டார். இறந்த தோழர்களின் இரத்தத்தைக் காசாக்குவதாகத் தம் மனம் உறுத்தும் என்றாராம். 1923 மார்ச் 11 அன்று, ஐம்பது வயது நிறையுமுன், பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் காலமானார். குழந்தைகள் அப்போது மிகச் சிறியவர்கள்.

உயிர் தப்பிய மாலுமிகள் தங்கள் குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்பதையும் சேர்த்துக்கொள்ளப் பின்னாளில் அனுமதி கிடைத்தது. அவர்கள் பிள்ளைகளுக்கும் அப்பெயர் உரியதாயிற்று.

சென்னை உயர்நீதிமன்ற மதிலில், குண்டு விழுந்த இடத்தில், ஒரு நினைவுக் கல் இருக்கிறது. பாரிமுனைப் பக்கம் போகும்போது அப்பாவிடம் காட்டச் சொல்லுங்கள்.