சிற்பத்தைப் படம் பிடிப்போர்க்கு

சிலை அசைவதில்லை, சிணுங்குவதில்லை, நாம் வரும்வரை பொறுத்திருக்கும். ஆகையால் அதனைப் படம் பிடித்தல் எளிது என்று பலர் எண்ணுகின்றனர். விடுமுறைப் பயணம் முடிந்து மீள்வோர் தம் கைத்தொலைபேசியில் காட்டும் படங்களைப் பார்த்தால், அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பது விளங்கும். சிற்றப்பா நிற்பார், சிற்றன்னை நிற்பார், பிள்ளைகள் இரு விரல்களை விரித்துக் காட்டி நிற்பர். அவர்களுடைய தோள்களுக்குப் பின்னே, தலையிழந்தோ காலிழந்தோ ஏதோவொரு சிற்பமும் நிற்கும். அது யாருடைய சிலை என்று வினவினால் விடை வராது.

குடும்பப் படம் கூடாது என்பதன்று என் வாதம். அதில் ஒன்று போதும். அடுத்த படமேனும் சிற்பத்தின் படமாக இருக்கட்டும் என்கிறேன். அதற்கு முதலில் வேண்டுவது விலையுயர்ந்த கருவியன்று. கதிரவன் எங்கே நிற்கின்றான் என்பதை அண்ணாந்து பார்க்கும் பழக்கமே.

மாமல்லபுரத்தை எடுத்துக்கொள்வோம். தமிழகம் செல்லும் நம்மவர் பலர் காணும் ஊர் அது. அங்கே வீதியோரமாக, ஏறக்குறைய 90 அடி நீளமுள்ள பாறை முகத்தில், 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் நூற்றுக்கு மேற்பட்ட உருவங்களைச் செதுக்கி வைத்துள்ளனர். அருச்சுனன் தவம் என்பார் சிலர். பகீரதன் தவம் என்பார் சிலர். பாறையின் நடுவே இயற்கையாய் அமைந்த பிளவில் நாகர்கள் நீந்தி வருவதாகக் காட்டப்பட்டுள்ளது. உச்சியில் நீரைத் தேக்கி, அப்பிளவு வழியே அருவியாய்ப் பாயவிட்டிருக்க வேண்டும் என்று அறிஞர் கருதுவர். அவ்வாறாயின் சிற்பமும் நீர்வீழ்ச்சியும் ஒன்றாகிய பெருங்காட்சி அது.

இப்பாறை கிழக்கு நோக்கியது. காலை 7 மணிக்குச் சென்றால் வெயில் நேர்முகமாக விழும். எல்லா உருவங்களும் தெரியும், ஆயினும் தட்டையாய்த் தெரியும். பிற்பகலிற் சென்றால் பாறை முழுவதும் நிழலில் மூழ்கியிருக்கும். நண்பகலுக்குச் சற்று முன்னர், கதிரவன் பாறையை உரசிக்கொண்டு மேலேறும் வேளையிலேயே கல் உயிர்க்கின்றது. ஒவ்வொரு தோளும் விலாவும் தன் கீழே ஒரு நிழற்கோடு பெறுகின்றது. நம்மவர் பலர் பயணம் செய்யும் மார்கழி மாதத்தில் கதிரவன் தெற்கே சாய்ந்திருப்பதால், அவ்வேளை ஒளி பார்ப்போரின் இடப்புறத்திலிருந்து வரும். நண்பகல் வெயில் படத்தைக் கெடுக்கும் என்று புத்தகங்கள் கூறும் விதி மனித முகத்துக்குப் பொருந்தும். புடைப்புச் சிற்பத்துக்கு எப்போதும் பொருந்துவதில்லை.

முழுப்பாறையையும் ஒரே படத்துள் அடக்கிவிட்டு அகல்வோர் ஒரு பூனையை இழக்கின்றனர். யானைகளுக்கு அருகே, தவம் செய்யும் முனிவனைப் போலவே கைகளைத் தலைமேல் உயர்த்தி ஒரு பூனை நிற்கின்றது. அதன் காலடியில் எலிகள்! பல்லவர் காலத்துச் சிற்பி போலித் துறவை எள்ளி நகையாடிய நகைச்சுவை அது. மாணவர்கள் அப்பூனையைத் தாமே தேடிக் கண்டு, தனியே படம் பிடிக்க வேண்டும். ஆசிரியர் விரலால் சுட்டிக் காட்டிவிட்டால் பாதி இன்பம் போய்விடும்.

பாறைச் சிற்பத்துக்கு ஒரு முகமே உண்டு; வெட்டவெளியில் நிற்கும் சிலைக்கோ பல முகங்கள். சென்னை மெரினாக் கடற்கரையில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை இதற்குத் தக்க சான்று. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த அச்சிலையில் நான்கு மனிதர் ஒரு பெரும் பாறையை நகர்த்த முயல்கின்றனர். ஒரே இடத்தில் நின்று பார்ப்பவருக்கு உடல்கள் ஒன்றையொன்று மறைத்துக் குவியலாகத் தோன்றும். சுற்றி நடந்து பக்கவாட்டிற்கு வந்தால் அந்நால்வரின் சாய்வும், கால்களின் உந்துதலும், கல்லின் கனமும் ஒருங்கே புலப்படும். பின்னணி ஒளிமிக்க கடற்கரை வானமாதலால், கைத்தொலைபேசி வானத்துக்கேற்ப ஒளியைக் குறைத்து, சிலையைக் கரிய நிழலாக்கிவிடும். திரையிற் சிலையின் உடலை விரலால் தொட்டால் இக்குறை பெரும்பாலும் நீங்கும்.

அதே நகரில், தீவுத்திடலருகே குதிரைமீது வீற்றிருக்கும் ஆளுநர் தோமஸ் மன்றோவின் சிலை 1839இல் நிறுவப்பட்டது; வடித்தவர் பிரான்சிஸ் சான்ட்ரி. வீரர் கால் ஊன்றும் அங்கவடி அச்சிலையில் இல்லை. இதனைப் பற்றிச் சென்னைவாசிகள் கதைகள் பல சொல்வர். முன்னிருந்து எடுத்த படத்தில் இச்செய்தி அகப்படாது. பக்கத்திலிருந்தே எடுக்க வேண்டும். வீதியின் நடுவே நின்று எடுக்க முயல வேண்டாம்; வாகனங்கள் சிற்பக்கலையை மதிப்பதில்லை.

நீரூற்றுகளின் இயல்பு வேறு. அங்கே கல் நிற்கும், நீர் ஓடும். ஒரு விநாடியின் ஆயிரத்திலொரு பங்கு நேரத்தில் எடுத்தால் துளிகள் முத்துக்களாய் உறைந்து நிற்கும். கால் விநாடி நேரம் எடுத்தால் மெல்லிய துகில்போல் வழியும். பின்னதற்குக் கருவியை மதில்மேலேனும் அசையாது வைத்தல் வேண்டும். எனினும் சில நீரூற்றுகளில் நீரைவிட எழுத்தே பெரிது. கண்டியில் தலதா மாளிகைக்கு அண்மையில், 1875இல் வேல்ஸ் இளவரசர் வருகை தந்தமையின் நினைவாகக் கோப்பித் தோட்டத்துரைமார் அமைத்த நீரூற்று ஒன்றுண்டு. இலைநோய் இலங்கையில் 1869இலேயே தோன்றிவிட்டது; அடுத்த சில ஆண்டுகளில் அது பரவி, கோப்பித் தொழிலையே அழித்தது. துரைமாரின் செல்வச் செருக்கு கல்லில் நிற்க, செல்வம் போயிற்று. தென்னிந்தியாவிலிருந்து வந்து அத்தோட்டங்களில் உழைத்து மடிந்தவர்க்கு அந்நாளில் நீரூற்று எழுப்புவார் இலர். நீரூற்றைப் படம் பிடிப்போர் அதிலுள்ள எழுத்தையும் நெருங்கி நின்று ஒரு படம் எடுத்துவரின், வீட்டில் வரலாற்றுப் பாடம் ஒன்று தானே தொடங்கும்.

நம் நாட்டில் இன்னொன்றும் கருதற்பாலது. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்தல் வழிபடுவோர் மனத்தைப் புண்படுத்துவது. 2012இல் பிரெஞ்சுப் பயணிகள் மூவர், புத்தர் சிலையை முத்தமிடுவதுபோல் எடுத்த படங்களை அச்சிடக் கொடுக்க, அக்கடையிலிருந்தே பொலிசாருக்குச் செய்தி சென்றது. காலி நீதிமன்றம் அவர்களுக்கு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. சட்டத்துக்கு அஞ்சியன்று, அயலவர் வணங்குவது என்பதற்காகவே நம் பிள்ளைகள் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

கல்லுக்கு அழிவில்லை, படந்தான் மங்கும் என்று நாம் நம்பியிருந்தோம். ஆப்கானிஸ்தானத்துப் பாமியன் பள்ளத்தாக்கில் மலைமுகத்திற் குடைந்த இரு புத்தர் சிலைகள், ஒன்று 55 மீற்றர் உயரம், மற்றது 38 மீற்றர், 2001 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. பின்னர் சூரிச் நகரத் தொழினுட்பப் பல்கலைக்கழக அறிஞர்கள் பெரிய சிலையின் வடிவத்தைக் கணினியில் மீட்க முற்பட்டனர். பயணிகள் எடுத்து இணையத்தில் இட்டிருந்த படங்களையும் வைத்து முயன்றனர். ஆயினும் நுண்மையான வடிவத்தைத் தந்தவை, கொஸ்ற்கா என்னும் ஒஸ்திரியப் பேராசிரியர் 1970இல் அளவைக் கமராவினால் எடுத்த படங்களே. அவர் சிலையை வெவ்வேறு இடங்களிலிருந்து அளவறிந்து எடுத்திருந்தார். முப்பது ஆண்டுகளின் பின் அவை எதற்குப் பயன்படும் என்பதை அன்று யார் அறிவார்?

நம்மூர்ச் சந்திகளிலும் பாடசாலை முற்றங்களிலும் நிற்கும் சிலைகளை யாரும் படம் பிடிப்பதில்லை. நாள்தோறும் காண்பதை ஏன் எடுப்பது என்று விட்டுவிடுகின்றோம். வரும் விடுமுறையில் மாணவர் ஒவ்வொருவரும் அவற்றுள் ஒன்றைத் தெரிந்து, நாற்புறமும் நான்கு படம், பீடத்து எழுத்துக்கு ஒரு படம், எடுத்த நாளும் இடமும் எழுதி வைக்கலாம். ஆறாவதாக ஒரு படத்தில் மட்டும் தம்பியையோ தங்கையையோ சிலையின் அருகே, அதனை மறைக்காமல், நேராக நிறுத்துங்கள். சிலையின் உயரத்தை மதிப்பிட அப்பிள்ளை அளவுகோலாய் உதவும்.