நகர எல்லையில் பேரங்காடி: கதவும் சாவியும்

புதுதில்லி: பல்பொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய நேரடி முதலீட்டுக்கு மத்திய அமைச்சரவை 2012 செப்டம்பரில் அனுமதி அளித்தது. 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களிலும், அவற்றைச் சுற்றி 10 கி.மீ. வரையிலும் பேரங்காடிகள் திறக்கலாம். குளிர்பதனக் கிடங்கு போன்ற கட்டமைப்பிலும் முதலீடு செய்தாக வேண்டும் என்பது நிபந்தனை. டிசம்பர் 5-ல் மக்களவையில் எதிர்க்கட்சிகளின் தீர்மானம் 253-க்கு 218 என்ற வாக்குகளில் தோற்றது.

எனினும், இறுதி முடிவு மாநிலங்களிடமே விடப்பட்டது. 2013-ல் சிறு நகரங்களைத் தேர்வு செய்யும் உரிமையும் அவற்றுக்குக் கிடைத்தது. வெவ்வேறு கட்சிகள் ஆண்டபோதும் கேரளமும் தமிழகமும் அன்று ஒருசேர மறுத்தன.

இரு மாநில எல்லையில் உள்ள பொழியூர் போன்ற மீனவ ஊர்களின் சிறு கடைகளுக்கு இம்மறுப்பு அரணாகலாம். மீன் கெடாமல் காக்கும் குளிர்பதன வசதிக்கு அந்நிய முதலீடு வேண்டாம் என்றால், அப்பொறுப்பை மாநில அரசுகளே ஏற்பதுதான் முறை.