உங்களுக்குத் தெரியுமா? நீருக்குள் 4 அடி, 3 அடி ஆகும்!

ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை கார்னியா மாற்று சிகிச்சைக்குப் பேர்போனது. கண்ணின் ஒளி குவிக்கும் திறனில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கார்னியா எனும் இந்த முன்படலத்துடையது.

தண்ணீருக்குள் அது ஏறக்குறைய வேலையே செய்யாது. கார்னியாவும் நீரும் ஒளியை வளைக்கும் அளவு கிட்டத்தட்ட ஒன்று. உள்ளிருக்கும் லென்ஸ் எவ்வளவு முயன்றாலும் ஈடுகட்டாது. காட்சி மங்க, ஆழக் கணிப்பும் தடுமாறும்.

நீச்சல் கண்ணாடி போட்டால் தெளிவு திரும்பும். ஆனால் தூரம் ஏமாற்றும்: 4 அடியில் கிடக்கும் சாவி 3 அடியில் தெரியும், கை எட்டாது.

அந்தமான் கடலின் மோக்கன் இனச் சிறுவர்களோ கண்பாவையைச் சுருக்கி, வெறுங்கண்ணால் ஐரோப்பியச் சிறுவர்களைவிட இருமடங்கு நுணுக்கமாகப் பார்த்தார்கள் என்றது 2003-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு. பயிற்சி கொடுத்ததும் ஐரோப்பியச் சிறுவர்களுக்கும் அது கைவந்தது.