எண்ணுக்கு அஞ்சும் இளஞ்சிறார்

திருவள்ளுவனார் கல்வியைக் கண்ணாக வைத்துப் பேசுமிடத்து, எழுத்துக்கு முன்னரே எண்ணை வைத்தனர். ஆயினும் சிறார் பலர் அம்முதற் கண்ணை மூடிக்கொண்டே பள்ளி செல்கின்றனர். தமிழ் பயிலும் மாணாக்கன் கணிதத்தைப்பற்றி எழுதப் புகுவதென்னையென நண்பர் நகைப்பர். கணக்கைக் கண்டு நடுங்குதல் எத்தகையதென்பது அதில் வல்லாரினும் எம்மனோர்க்கே நன்கு தெரியும்.

"எனக்குக் கணக்கு வராது" என்பது எட்டு வயதுப் பிள்ளையும் சொல்லும் சொல். இத்தொடரை உற்றுநோக்குக. "யான் கற்கவில்லை" என்று அப்பிள்ளை சொல்வதில்லை. மழை வாராமை போலக் கணக்கு வாராமையும் தன் வசத்ததன்றென எண்ணிவிடுகின்றது. இவ்வெண்ணம் பெரும்பாலும் அறிவுக்குறையால் விளைவதன்று, நாணத்தால் விளைவது. 42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என எழுதும் சிறுவர் பலர். பிழையென்று சிவப்புக் கோடு இழுத்தல் எளிது. "இஃது எவ்வாறு வந்தது?" என வினவினால் உண்மை வெளிப்படும். பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கவேண்டுமெனக் கற்றதை நினைந்து, 7-இலிருந்து 2-ஐயும் 4-இலிருந்து 1-ஐயும் கழித்திருப்பான். அவன் சிந்தித்தே எழுதினான். ஒரு பத்தைப் பிரித்துக் கடன்கொள்ளும் முறையொன்றே அறியான். பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளைக் கையிற் கொடுத்து ஒரு கட்டை அவிழ்க்கச் செய்தால், 25 என்னும் விடையைத் தானே காண்பான். வகுப்பார் நகைக்க நின்றவனோ, அடுத்தமுறை விடையே எழுதான்.

குழந்தைப் பருவத்திற் சிலகாலம் தாய்ப்பாட்டனார் வாழ்ந்த காஞ்சியில் வளர்ந்தவர் சீனிவாச இராமாநுஜன் (1887–1920). உலகு போற்றும் கணித மேதையாகிய அவரும் இளமையிற் சென்னைப் பள்ளிக்குச் செல்ல விரும்பாமையின், வீட்டார் காவலரொருவரின் துணையை நாட நேர்ந்ததாம். எவ்வெண்ணையும் அவ்வெண்ணால் வகுக்க ஒன்றே கிடைக்குமென ஆசிரியர் பழங்களைப் பங்கிட்டு விளக்கியபோது, பழமுமின்றி ஆளுமின்றிப் பங்கிட்டாலும் ஆளுக்கொன்று கிடைக்குமோ என அவர் வினவினாரென்பது பலரறிந்த கதை. சுழியத்தைச் சுழியத்தால் வகுத்தற்குத் திட்டமான விடை இல்லையென்பது இன்று கணிதம் பயில்வார் அறிந்ததே. வாய்பொத்தி நிற்பதே ஒழுக்கமெனக் கொண்ட வகுப்பில் இத்தகைய வினா எங்ஙனம் பிறக்கும்?

2022-ஆம் ஆண்டு நம் மாநில அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் இயக்கத்தில், தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அவர்தம் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பகுத்துப் பாட்டாலும் விளையாட்டாலும் கற்பிக்கும் முறை வந்தது. 'மக்கு' என்னும் பழம்பெயரினும் இவை எத்துணை இனியன!

காஞ்சிக்குத் தெற்கே பாலாற்றை யடுத்துள்ளது ஓரிக்கை. திருமழிசையாழ்வாரோடு பெருமான் ஓரிரவு தங்கினமையின் 'ஓரிருக்கை' யென வழங்கியதே இவ்வாறு மருவிற்றென்பர். அங்குள்ள நெசவுக் குடும்பத்துச் சிறுவனொருவனை யான் அறிவேன். ஏழாம் வாய்பாடு என்றால் அவன் முகம் வாடும். ஆனால் புடைவைக் கரையின் அன்னக்கோலம் வரைந்த கட்டத்தாளைக் காட்டி, ஓர் அன்னத்துக்கும் அடுத்ததற்கும் இடையே எத்துணைக் கட்டம் என்றேன், நொடியிற் சொன்னான். ஏழு அன்னங்களுக்கு எத்துணை யென்றதற்கும் விரல்விட்டுக் கூட்டி விடை தந்தான். அஃது ஏழாம் வாய்பாடே யென்றபோது அவன் நம்பவில்லை. பதினெட்டு முழப் புடைவை, மூன்று புடைவைக்குரிய பாவு, இழையெண்ணித் துளையிட்ட ஜக்கார்டு அட்டை என அவன் வீடு முழுதும் கணக்கே. பள்ளிப் புத்தகத்திலோ யாரோ ஒருவர் தொட்டியில் நீர் நிரப்பிக்கொண்டே யிருக்கின்றார்!

அவ்வீட்டில் வேறொரு கணக்கும் உளது. பட்டின் எடை, நெசவுக்கூலி, முன்பணம், கழிவு என எழுதிய சீட்டை அவன் தந்தையார் மடித்து மாடத்தில் வைக்கின்றார், கூட்டிப் பார்ப்பாரில்லை. அவருக்கும் இளமையிற் கணக்கு வரவில்லையாம். சிறுவன் இப்பொழுது ஐந்தாம் வகுப்பில் இருக்கின்றான்.