நகரத்தின் குரல்: திறந்த உலகக் கணினி விளையாட்டுகளில் வானொலி

முன்னுரை

கணினி விளையாட்டுகளில் 'திறந்த உலக' வகை என ஒன்று உண்டு. கட்டம் கட்டமாக ஒரே நேர்வழியில் முன்னேறாமல், ஒரு நகரத்திலோ நாட்டுப்புறத்திலோ விரும்பிய திசையில் திரிந்து, விரும்பிய வேளையில் கதையைத் தொடர ஆட்டக்காரருக்கு இடமளிக்கும் ஆட்டங்களை இப்பெயரால் குறிப்பர். இவ்வகை ஆட்டங்கள் பலவற்றில் காரில் ஏறியதும் வானொலி ஒலிக்கத் தொடங்குகிறது. பாடல், அறிவிப்பாளரின் பேச்சு, விளம்பரம், செய்தி என உண்மை வானொலியின் உறுப்புகள் யாவும் அதில் அமைந்துள்ளன. ஆட்டத்தின் வெற்றி தோல்விக்கும் இவ்வானொலிக்கும் பெரும்பாலும் தொடர்பே இல்லை. அதனை நிறுத்திவிட்டும் ஆடலாம். எனினும், இவ்வாட்டங்களை ஆடியோர் பல்லாண்டு கழித்து அவற்றைப் பற்றிப் பேசும்போது, கதையின் திருப்பங்களுக்கு முன்பாக இந்நிலையங்களின் பெயர்களையே நினைவுகூர்வதைக் காணலாம்.

ஆட்டத்திற்குத் தேவையற்றதாகத் தோன்றும் ஓர் உறுப்பு அதன் சுவைக்கு எங்ஙனம் இன்றியமையாததாகிறது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. நல்ல பாடல்கள் ஒலிப்பதால் இன்பம் விளைகிறது என்பது எளிய விடை. ஆனால் அது போதாது. நல்ல பாடல்களை ஆட்டமின்றியும் கேட்கலாம். ஆட்டக்காரரைப் பொருட்படுத்தாமல் தன்போக்கில் நடந்துகொண்டிருக்கும் ஓர் உலகம் உண்டு என்று நம்பச் செய்வதே ஆட்டவானொலியின் தனித்தொழில் என இக்கட்டுரை கருதுகிறது.

கணினி விளையாட்டு ஓர் ஆய்வுப்பொருளாகுமா என்று ஐயுறுவோர் நம்மிடையே இன்றும் உளர். திரைப்பாடலைப் பற்றியும் ஒரு காலத்தில் இவ்வையம் எழுந்ததுண்டு. இங்கு எடுத்துக்கொள்ளப்படும் ஆட்டங்கள் வன்முறை மிகுந்தவை, வயது வந்தோர்க்கு உரியவை என்பதனையும் தொடக்கத்திலேயே சுட்டிவிடுதல் நன்று.

நில்லாது ஓடும் ஒலிபரப்பு

காருக்குள் வானொலி என்னும் அமைப்பைப் பரவலாக அறியச் செய்தது 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' வரிசையாகும். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இயங்கிய டி.எம்.ஏ. டிசைன் நிறுவனம் 1997இல் அதன் முதல் ஆட்டத்தை வெளியிட்டது. அதில் ஒலித்த பாடல்களை நிறுவனத்தின் இசைப்பணியாளர்களே ஆக்கி, வெவ்வேறு குழுக்களின் பெயரில் வழங்கினர். 2001இல் வெளிவந்த மூன்றாம் ஆட்டம் 'லிபர்ட்டி சிட்டி' என்னும் கற்பனை நகரத்தை முப்பரிமாணத்தில் காட்டியதோடு, ஒன்பது வானொலி நிலையங்களையும் அந்நகருக்கு அளித்தது. அவற்றுள் 'சாட்டர்பாக்ஸ்' என்பது பாடலே இல்லாத பேச்சு நிலையம். அதனை நடத்துபவராகத் தோன்றும் லாஸ்லோ ஜோன்ஸ் மெய்யாகவே அமெரிக்க வானொலியாளர். நிலையங்களின் பேச்சுப் பகுதிகளை எழுதியோரிலும் ஒருவர்.

இவ்வாட்டத்தின் தொழில்நுட்ப அமைப்பு ஒன்று நம் கவனத்திற்குரியது. ஒவ்வொரு நிலையமும் ஒரே நீண்ட ஒலிப்பதிவாகச் சேமிக்கப்பட்டிருந்தது. முடிந்ததும் அது மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஆயினும், ஒரு நிலையத்தைவிட்டு வேறொன்றுக்குச் சென்று திரும்பினால் விட்ட இடத்தில் அது காத்திருப்பதில்லை. நாம் கேளாத நேரத்திலும் அது ஓடிக்கொண்டிருந்தது போல, பாடல் பாதியைக் கடந்திருக்கும். அல்லது அறிவிப்பாளர் வேறொன்றைப் பேசிக்கொண்டிருப்பார். மிகச் சிறிய ஏற்பாடுதான். ஆனால் ஆட்டத்தின் ஏனைய பொருள்கள் யாவும் ஆட்டக்காரரின் வருகைக்காகக் காத்திருப்பவை. கதைமாந்தர் அவர் வரும்வரை தெருமுனையில் நிற்பர். வண்டிகள் அவர் பார்வை எட்டும் தொலைவில் மட்டுமே தோன்றி மறையும். வானொலி ஒன்றே காத்திருப்பதில்லை. நகரம் உயிருடையது என்னும் உணர்வு கட்டடங்களின் எண்ணிக்கையைவிட இக்காத்திராமையிலிருந்தே மிகுதியும் பிறக்கிறது எனலாம்.

2004இல் வெளிவந்த 'சான் ஆண்ட்ரியாஸ்' இதனை ஒரு படி உயர்த்தியது. பாடலும் அறிவிப்பாளரின் முன்னுரையும் பின்னுரையும் தனித்தனித் துண்டுகளாக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் வேறு வரிசையில் கோக்கப்பட்டன. ஆட்ட உலகின் பொழுதையும் வானிலையையும் சுட்டும் பேச்சுகள் இடையிடையே வந்தன. கதையில் நிகழ்ந்த பெருநிகழ்ச்சி சிறிது நேரத்தில் செய்தியாகவும் வந்தது. அச்செய்தி ஆட்டக்காரரின் பெயரைச் சொல்வதில்லை. ஊரில் நிகழ்ந்தவற்றுள் ஒன்றாகவே அதனைக் கூறிச் செல்கிறது. தாம் செய்த பெருஞ்செயல் ஊராருக்கு ஒரு நிமிடச் செய்தியே என்பதைக் கேட்பதில் ஒரு விந்தையான இன்பம் இருக்கிறது.

நிலமும் பொழுதும்

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்பர். அந்நிலத்திற்குரிய தெய்வம், உணவு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் யாழையும் கருப்பொருளில் அடக்குவர். ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்கேயுரிய ஒலி உண்டு என்பதும், அவ்வொலியைக் குறித்த அளவிலேயே நிலம் மனத்தில் எழும் என்பதும் இதனால் பெறப்படும். இவ்விளையாட்டுகளை ஆக்கியோர் திணைக்கோட்பாட்டை அறிந்திருந்தனர் என்று யாரும் கூறார். ஆயினும், ஓர் இடத்தைக் கேட்போர் மனத்தில் நிறுத்த இசை எவ்வாறு பயன்படுகிறது என்பதனை விளக்க நம்மிடமுள்ள கலைச்சொற்களில் இவற்றினும் பொருத்தமானவை அரிது.

2002இல் வெளிவந்த 'வைஸ் சிட்டி' இதற்கு நல்ல சான்று. மயாமியை ஒத்த கற்பனை நகரமொன்றில் 1986ஆம் ஆண்டில் நிகழும் கதை அது. அன்றைய கணினித்திறனுக்குள் 1986ஐக் கண்ணுக்குக் காட்ட இயன்ற அளவு குறைவே: பனைமரங்கள், விளக்கொளி, ஆடைகளின் நிறம். எஞ்சிய காலச்சூழல் முழுவதையும் வானொலியே சுமந்தது. அக்காலத்துப் பாடல்கள் உரிமம் பெற்றுச் சேர்க்கப்பட்டன. அவற்றோடு நில்லாமல், அக்காலத்து அச்சங்களையும் ஆசைகளையும் எள்ளும் விளம்பரங்களும் இடம்பெற்றன. மயாமியின் கியூபா வழிவந்த மக்களை நினைவூட்டும் வண்ணம் 'ரேடியோ எஸ்பான்டோசோ' என்னும் ஸ்பானிய மொழி நிலையமும் இருந்தது. அவ்வாண்டே ஏழு நிலையங்களின் பாடல்கள் ஏழு இசைவட்டுகளாக விற்பனைக்கு வந்தன. அன்றைய நாளில் ஓர் ஆட்டத்தின் இசைக்கு அத்தகைய தனிச்சந்தை புதுமையே.

மற்றொரு நுட்பமும் உண்டு. எந்தக் காரைப் பறித்துக்கொண்டாலும், அவ்வகை வண்டிக்குரியவர் கேட்கக்கூடிய நிலையமே முதலில் ஒலிக்கும். ஒரு சொல்லும் பேசாத வழிப்போக்கர் ஒருவரின் வயதும் வாழ்நிலையும் சுவையும் அக்கணத்தில் புலனாகின்றன. காவல்துறை வண்டியில் ஏறினால் பாட்டே இல்லை. காவலரின் கம்பியில்லாத் தொடர்புப் பேச்சு மட்டுமே கேட்கும்.

எனினும், திணைமரபுக்கும் இதற்கும் ஒரு வேறுபாட்டைக் கருதவேண்டும். திணையில் பறையும் யாழும் நிலத்திற்கு உரியவை. கேட்போரின் விருப்பத்தால் மாறா. ஆட்டத்திலோ ஒரு பொத்தானால் நிலையம் மாறுகிறது. ஒரே கடற்கரைச் சாலை, ஒரு பாடலில் உல்லாசப் பயணமாகவும் மறு பாடலில் துயரின் வழியாகவும் ஆகிறது. கணினியில் ஆடுவோர் தம் சொந்தப் பாடல்களைச் சேர்த்துக் கேட்கவும் இவ்வாட்டங்களில் வசதியுண்டு. அவ்வாறு கேட்கையில் இசை இனிதாகலாம். ஆனால் நகரம் சற்றே வாய்மூடிவிடுகிறது. அறிவிப்பாளரும் விளம்பரமும் அற்ற பாடல்தொகுப்பு நமக்கு உரியதேயன்றி அந்நகருக்கு உரியதன்று.

தற்செயலின் சுவை

திரைப்படத்தில் எக்காட்சிக்கு எவ்விசை என்பதை இசையமைப்பாளரும் இயக்குநரும் முடிவுசெய்கின்றனர். ஆட்டவானொலியில் அதனை யாரும் முடிவுசெய்வதில்லை. காவலர் துரத்தும் வேளையில் ஒரு தாலாட்டுப்போன்ற காதற்பாடல் ஒலிக்கலாம். மழையில் வெறுஞ்சாலையில் செல்லும்போது அதற்கென்றே பாடியது போன்ற ஒன்றும் வரலாம். ஆக்கியோரும் ஆடுவோரும் திட்டமிடாத இப்பொருத்தத்தை ஆட்டக்காரர் தமக்கே வாய்த்த ஒன்றாக நினைவில் வைத்துக்கொள்கிறார். சேருமிடம் வந்த பின்னும் பாடல் முடியட்டும் என்று காரிலேயே அமர்ந்திருப்பது இவ்வாட்டங்களை ஆடுவோரின் பொதுப்பழக்கம். ஆட்டத்தின் விதிகள் எவையும் அதற்குப் பரிசளிப்பதில்லை.

இவ்வரிசையின் நிறுவனமான ராக்ஸ்டார் 2010இல் வெளியிட்ட 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்' எதிர்நிலைச் சான்றாகும். 1911இல் நிகழும் அக்கதையில் குதிரையே ஊர்தி. ஆகவே வானொலி இல்லை. ஆட்டக்காரர் முதன்முறையாக மெக்சிக்கோ மண்ணில் குதிரையில் செல்லும்போது ஹோசே கொன்சாலெஸ் பாடிய பாடல் ஒன்று எழுகிறது. அது ஆக்கியோர் கருதி அமைத்த தருணம். அதன் அழகைப் பலரும் போற்றியுள்ளனர், தகும். ஆனால் அது எல்லாருக்கும் ஒரே இடத்தில் வாய்க்கும் அழகு. வானொலி தருவதோ ஒவ்வொருவருக்கும் வேறு.

வானொலியே கதைப்பொருளாதல்

2008இல் பெதஸ்டா நிறுவனம் வெளியிட்ட 'ஃபால்அவுட் 3' வானொலியை மேலும் ஆழமாகக் கையாண்டது. அணுப்போரால் அழிந்த வாஷிங்டன் நகரில் 2277ஆம் ஆண்டில் நிகழும் கதை. நிலத்தடிக் காப்பறையிலிருந்து வெளியேறும் இளைய கதைமாந்தர், மணிக்கட்டில் அணிந்த கருவியில் இரு நிலையங்களைக் கேட்கலாம். 'கேலக்ஸி நியூஸ் ரேடியோ'வில் திரீ டாக் என்பவர் தனியொருவராகப் பேசுகிறார். இருபதளவான பழைய பாடல்களையே திரும்பத் திரும்ப ஒலிபரப்புகிறார். தி இங்க் ஸ்பாட்ஸ் குழுவினரின் 1941ஆம் ஆண்டுப் பாடல் அவற்றுள் ஒன்று. வேறு ஆட்டத்தில் இத்திரும்பக்கூறல் குறையாகும். இங்கோ, அழிவுக்குப் பின் எஞ்சிய இசைத்தட்டுகள் இவ்வளவே என்று அது பொருள்படுகிறது.

திரீ டாக் ஆட்டக்காரரின் செயல்களையும் பேசுகிறார். நன்மை செய்தால் வியக்கிறார்; தீமை செய்தால் ஊரறியத் தூற்றுகிறார். ஆளில்லாப் பாழ்வெளியில் நடந்துகொண்டிருக்கும் ஒருவர், தம்மை யாரோ கவனிக்கிறார் என்பதைப் பாட்டின் இடையே அறிகிறார். அந்நிலையம் தொடக்கத்தில் தொலைவிடங்களில் தெளிவாகக் கேட்பதில்லை. அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து அலைவாங்கித் தட்டைக் கொணர்ந்து, வாஷிங்டன் நினைவுத்தூணின் மேல் பொருத்தினால்தான் அவர் குரல் பாழ்நிலம் முழுதும் எட்டும். முன்னர்க் கூறிய ஆட்டங்களில் வெற்றிக்குத் தொடர்பற்றிருந்த வானொலி, இங்கு ஆட்டக்காரர் உயிரைப் பணயம் வைத்துக் காக்கும் பொருளாகிவிட்டது.

மற்றொரு நிலையமான 'என்கிளேவ் ரேடியோ'வில் நாட்டுப்பற்று அணிவகுப்பு இசைக்கிடையே ஜான் ஹென்றி ஈடன் என்னும் குடியரசுத் தலைவர் தந்தைபோல் கனிந்து பேசுகிறார். மீட்சி வரும் என்கிறார். கதையின் பிற்பகுதியில் அவரைக் காணச் செல்லும்போது, அக்குரலுக்குரியவர் மனிதரே அல்லர், ஒரு கணினி என்று தெரியவருகிறது. பல மணிநேரம் வழித்துணையாகக் கேட்ட குரல் என்பதனால்தான் அவ்வெளிப்பாடு வலுப்பெறுகிறது. ஒரே காட்சியில் அறிமுகமாகி அதே காட்சியில் வெளிப்பட்டிருந்தால் அது வெறுந்திருப்பமாகவே முடிந்திருக்கும்.

உரிமமும் பாடவேறுபாடும்

இத்துணைச் சிறப்பும் வாடகைப் பொருளின் மேல் நிற்கிறது என்பதே கவலைக்குரியது. பாடல்களுக்கான உரிமங்கள் பல குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமே பெறப்படுகின்றன. 2008இல் வெளிவந்த நான்காம் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ'வின் பாடல் உரிமங்கள் பத்தாண்டில் முடிந்தமையால், 2018 ஏப்ரலில் ஒரு புதுப்பிப்பின்வழி பல்வேறு நிலையங்களின் பாடல்கள் நீக்கப்பட்டன. விலைகொடுத்து முன்னரே வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தும் அவை மறைந்தன.

மிகுதியும் சிதைந்தது 'விளாடிவாஸ்டாக் எஃப்.எம்.' நிலையம். 2004ஆம் ஆண்டு யூரோவிஷன் போட்டியில் வென்ற உக்ரேனியப் பாடகி ருஸ்லானா அறிவிப்பாளராக இருந்த இந்நிலையம், ரஷ்யமொழிப் பாடல்களால் நிறைந்தது. கதைத்தலைவன் நிக்கோ பெல்லிக் போரில் பட்ட புண் ஆறாமல் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்திறங்கும் குடியேறி. ஒன்றுவிட்ட சகோதரனின் காரில் முதலில் அவன் காதில் விழுவது இந்நிலையமே. அயல்மண்ணில் தன் உலகத்தை ஒத்த ஒலியைக் கேட்பது ஒருவனுக்கு என்ன செய்யும் என்பதை மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. நீக்கியவற்றின் இடத்தில் வேறு ரஷ்யப் பாடல்கள் சேர்க்கப்பட்டன. நிலையத்தின் பெயரும் அறிவிப்பாளரும் அப்படியே இருக்கின்றனர். எனினும், 2008இல் அதனை ஆடியவர் இன்று அதே காரில் ஏறினால் அதே நகரத்தைக் கேட்பதில்லை. 'வைஸ் சிட்டி'யின் கதியும் இதுவே. 2002இல் அதில் ஒலித்த மைக்கேல் ஜாக்சனின் பாடல்கள் 2021ஆம் ஆண்டு மறுபதிப்பில் இடம்பெறவில்லை.

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு குறிக்கும் மரபில் பயின்றோர்க்கு இச்சிக்கல் புதிதன்று. ஆயினும் இங்கொரு வேற்றுமை உண்டு. சுவடியில் புதிய பாடம் எழுந்தாலும் பழைய ஏடு அழியாமல் எங்கேனும் கிடைக்கலாம். இங்கோ புதிய பாடம் பழையதன் மேலேயே எழுதப்படுகிறது. 2008ஆம் ஆண்டு வட்டைப் புதுப்பிக்காமல் வைத்திருப்போரிடம் மட்டுமே மூலப்பாடம் எஞ்சியுள்ளது. கணினியில் ஆடுவோர் சிலர் நீக்கப்பட்ட பாடல்களைத் தாமே மீண்டும் சேர்த்துக்கொள்கின்றனர். உரிமச் சட்டம் அதனை ஏற்பதில்லை. ஆகவே, இவ்வாட்டங்களைப் பற்றி எழுதும் மாணவர் ஆட்டத்தின் பெயரையும் ஆண்டையும் குறிப்பதோடு, தாம் ஆடிய பதிப்பு எது, அது எந்நாள் வரை புதுப்பிக்கப்பட்டது என்பதையும் குறித்தல் வேண்டும். வானொலியைப் பற்றி எழுதுவோர்க்கு இது தவிர்க்கவியலாதது. அவர் கேட்ட பாடலை அவர் ஆய்வேட்டைப் படிப்பவர் கேட்க இயலாமற் போகலாம்.