ஸ்பிரிங்கை வெட்டும் முன்...

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் 59ஆம் எண் கூட்டரசுச் சாலையில் வளைவுகளுக்குப் பஞ்சமில்லை. கடந்த பருவ விடுமுறையில் மூன்று நண்பர்களுடன் என் பழைய மைவியில் அந்தச் சாலையில் சென்றேன். ரிங்லெட்டை நெருங்கும்போது ஓர் இடப்பக்க வளைவு. சாலையிலிருந்த மேட்டில் ஏறியதும் காரின் பின்பக்கம் துள்ளி எதிர்த்தடத்திற்கு விலகியது. நல்லவேளை, எதிரே லாரி எதுவும் வரவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். கார் தாழ்ந்து அழகாகத் தெரிய வேண்டுமென்று, பின் ஸ்பிரிங்குகளில் ஒவ்வொரு சுற்றை முந்தைய மாதம்தான் வெட்டியிருந்தேன். 'போத்தோங் ஸ்பிரிங்' என்றால் நம் இளைஞர்களுக்கு நன்றாகத் தெரியும். வெட்டுக்கூலி மட்டும்தான் செலவு.

மறுநாள் பட்டறை வைத்திருக்கும் மாமா காரை ஜேக்கில் தூக்கினார். பின்சக்கரம் கீழே தொங்கியது. "கையை விட்டுப் பாரு தம்பி," என்றார். ஸ்பிரிங்கைக் கையாலேயே சுற்ற முடிந்தது! சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது, குட்டையான ஸ்பிரிங் தன் இருக்கையில் பிடிமானம் இல்லாமல் நிற்கிறது. அது இடம் மாறிவிட்டால் பெரும் ஆபத்து.

இன்னொரு சிக்கலை இயற்பியல் விளக்குகிறது. சுற்றுகள் குறைந்தால் ஸ்பிரிங்கின் விறைப்பு கூடும். செயல்படும் சுற்றுகள் 6இலிருந்து 5 ஆனால், விறைப்பு 20 விழுக்காடு உயரும். ஆனால், கார் தாழ்ந்துவிட்டதால் ஸ்பிரிங் அமுங்குவதற்கான இடம் குறைகிறது. நான்கு பேரும் பைகளும் ஏறியதும் மிச்சமிருந்த இடமும் போனது. மேட்டில் ஏறியபோது பின்பக்கம் ரப்பர் தடுப்பில் மோதியது. டயர் சாலைப் பிடியை இழந்தது. பழைய ஸ்பிரிங்குக்கு ஏற்ற அப்சோபரால் அந்தத் துள்ளலை அடக்க முடியவில்லை. பின்பக்கம் தாழ்ந்தால் முன்விளக்குகளும் மேல்நோக்கி, எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும்.

காரை மாற்றியமைக்கும் ஆசை தவறல்ல. அந்தக் காருக்கென்றே செய்த ஸ்பிரிங்கையும், அதற்குப் பொருந்தும் அப்சோபரையும் சேர்த்து மாற்றுங்கள். அனுமதி தேவையா என்பதை ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் முதலில் கேளுங்கள். கையில் காசு போதவில்லை என்றால், சேரும் வரை காத்திருங்கள்.

நான் பழைய உதிரிபாகக் கடையில் அசல் ஸ்பிரிங் இரண்டை வாங்கிப் பொருத்திவிட்டேன். கார் இப்போது கொஞ்சம் உயரமாகத்தான் நிற்கிறது. அன்று என்னுடன் வந்த மூவரையும் அவர்களின் பெற்றோர் என்னை நம்பித்தான் அனுப்பினார்கள்.