தகப்பன் வழித் தடம்: ஜவ்வாது மலைக் கதையை மரபணு சோதிக்க முடியுமா?

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்குப் பூர்வீகக் கதை ஒன்று உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூலில் அது இருக்கிறது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளப் பெண்கள் ஏழு பேரைக் கடத்திச் செல்கிறார்கள். மீட்கப் போகிறார்கள் ஏழு ஆண்கள். உடன் சென்ற நாய்கள் பாலாற்று வெள்ளத்தில் பாதி நீந்தி ஊர் திரும்பிவிட, ஆட்கள் இறந்ததாக எண்ணி வீட்டில் கருமாதி நடக்கிறது. வேடர்களைக் கொன்று திரும்பியவர்களை ஊர் சேர்க்கவில்லை. வேடர் பெண்களை மணந்து அவர்கள் மலையேறினார்கள். கதை குறிக்கும் ஆண்டு கி.பி. 1132.

அதாவது தகப்பன் வழி காஞ்சிபுரம், தாய் வழி வேடர். இவ்விரு வழிகளையும் மரபணுவியலும் தனித்தனியே பின்தொடர்கிறது.

ஒய் குரோமோசோம் என்ன சொல்லும்?

ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிறது. எப்போதாவது அதில் நேரும் சிறு மாற்றம் பேரன், கொள்ளுப்பேரன் என்று தொடரும். ஒரே மாற்றத்தைச் சுமப்பவர்கள் ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள். தாய் வழியை மைட்டோகாண்ட்ரியா காட்டும்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழு, உசிலம்பட்டிப் பகுதியில் எம்130 என்ற மிகப் பழைய மாற்றத்தைக் கண்டது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் அது உண்டு. 2012-இல் வெளியான ஆய்வில் தமிழகத்தின் 12 பழங்குடிகள், 19 சாதிகளைச் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோம்கள் ஆராயப்பட்டன. இரு தரப்புக்கும் 10,000 முதல் 30,000 ஆண்டுப் பழமையுள்ள பொது மரபு உண்டு என்றது அது.

சிக்கல் எங்கே?

தெற்காசியாவில் பரவலாக உள்ள ‘எச்’ என்ற ஒய் குரோமோசோம் மரபு மலையிலும் காஞ்சிபுரத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கதை மெய்யாகிவிடாது. கதைக்கு வயது 900 ஆண்டுகள். எச் மரபுக்குப் பல பத்தாயிரம் ஆண்டுகள். அண்மைக் கிளைகள் எப்போது பிரிந்தன என்று பார்க்க வேண்டும். ஐரோப்பாவின் ரோமா மக்கள் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கு எச் மரபின் எம்82 கிளை இப்படித்தான் சான்றானது.

பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1,024 முன்னோர் இடங்கள். ஒய் குரோமோசோம் காட்டுவது அவற்றில் ஒன்றை மட்டுமே. அந்த ஒன்றை வைத்து ஒரு சமூகத்தின் உயர்வு தாழ்வையோ, மலைமீது அதற்குள்ள உரிமையையோ யாரும் அளக்கக் கூடாது.